கோவிலம்பாக்கத்தில் ஏலம் போன எங்கள் ஏரி

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குச் சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோ கிளம்பியது. போக வேண்டியது கோவிலம்பாக்கம், சுமார் பத்து கிலோமீட்டர். பேரம் பேசி இருநூற்றைம்பது ரூபாய். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள், மெட்ரோ வேலை நடக்கும் மேடவாக்கம் கூட்டுரோட்டை ஒருமுறை கடந்துவிட்டு வந்து கேட்கட்டும். துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே கூப்பிட்டாலும் கைப்பையை மாட்டிக்கொண்டு முதலில் வாசலுக்கு வந்துவிடுவார்.

பழைய பங்களா சாமான்களை ஏலம் விடும் ஒரு கிடங்கு, பெல்லிங் என்ற ஆங்கிலேயர் வரைந்த மூன்று இயற்கைக் காட்சிகள் ஏலத்துக்கு வருவதாக வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே லீவு நாட்களில் வரைந்தவராம். அவர் ஊர்க்காரர்களுக்கே அவரைத் தெரியாது போலிருக்கிறது. மூன்றாவது படத்தின் கீழே ‘நீலகிரியில் ஓர் ஏரி’ என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலகிரி ஏரிக்கரையில் பனைமரம் ஏது? பின்னால் நின்றதோ, இருபது வருடமாக மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நான் பார்க்கும் பச்சைமலை. அதன் இடது சரிவைக் கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். அது எங்கள் சிட்லபாக்கம் ஏரி.

அந்தப் படம் வேறு எங்காவது போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. கையில் எட்டாயிரம் இருந்தது. தொகையை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே ஆட்டோவைத் திருப்பச் சொல்லியிருப்பார்.

ஒன்பது ஐம்பதுக்கு மேடவாக்கம். மெட்ரோ தூண்களுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றோம். “ஒரு படத்துக்கா மேடம் இம்மாந்தூரம்? அதான் போன்லயே கீதே” என்றார் ஓட்டுநர்.

பத்தரைக்குக் கிடங்கு. தேக்குக் கட்டில்கள், சரவிளக்குகள், அவற்றின் நடுவே முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். டீ இலவசம். படம் இரண்டு சாண் அகலம்தான் இருக்கும். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “நம்ம ஏரிதானா இது? ஒரு ஆகாயத்தாமரைகூட இல்லையே.”

பதினொன்றே காலுக்கு ஏலம் தொடங்கியது. முதல் இரண்டு படங்களையும் நீலச் சட்டைக்காரர் ஒருவர் எடுத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் சுவர்களுக்காம். மூன்றாவது, மூவாயிரத்தில் ஆரம்பித்தது. அவரும் நானும் மாறி மாறிக் கேட்டோம். ஆறாயிரத்து ஐந்நூறில் அவர் நின்றார். நான் ஏழாயிரம் என்றேன். ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலக்காரர் சொல்லும்போது பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

“ஏழாயிரத்து ஐந்நூறு” என்றார் ஸ்டெல்லா அக்கா.

திரும்பிப் பார்த்தேன். முகம் முழுக்கச் சிரிப்போடு, கேளு கேளு என்று சைகை காட்டினார். எட்டாயிரம் என்றேன். ஒன்பதாயிரம் என்றார். எனக்கு அதற்கு மேல் வழியில்லை. மூணு தரம் முடிந்ததும் அக்கா எழுந்து நின்றார்.

“ரொம்ப சந்தோஷம். மறு ஏலத்துக்குத் திருப்பிக் குடுக்கறேன். விடுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் சர்ச்சில் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே சிநேகிதி ஒரு பொருளைக் கேட்டால், எதிர்த்துக் கேட்டு விலையை ஏற்றிவிடுவதுதான் மரியாதை. எடுத்தவர் பணத்தைக் காணிக்கையாகப் போட்டுவிட்டுப் பொருளை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். போன வருடம் ஒரு பூசணிக்காயை நாலு பேர் எடுத்து, கடைசியில் அது பாதிரியார் வீட்டுச் சாம்பாருக்குப் போனது.

ஏலக்காரர் அமைதியாகவே சொன்னார். “இங்க அந்தப் பழக்கம் இல்லம்மா. எடுத்தவங்க ஒன்பதாயிரம் கட்டணும்.”

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. நீலச் சட்டைக்காரர் நல்ல மனிதர்; அதே விலைக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா தலையாட்டினால் போதும், அவருக்குச் செலவில்லை, எனக்குப் படமில்லை. அந்த நிமிடம் எனக்கு அக்காமேல் பயங்கரக் கோபம், மறைப்பானேன்.

“உன்கிட்ட எவ்ளோ இருக்கு?” என்று காதில் கேட்டார்.

“எட்டு.”

அக்கா கைப்பையைத் திறந்தார். “மிச்சம் என்னுது. அது எங்க ஏரி சார், தர முடியாது” என்று நீலச் சட்டைக்காரரிடம் சொல்லிவிட்டு, வருடத்தில் ஆறு மாதம் படம் தன் வீட்டில் மாட்டப்பட வேண்டும் என்று எனக்கு நிபந்தனை போட்டார். ஆயிரம் ரூபாய்க்கு ஆறு மாதம் அநியாயம்தான். சரி என்றேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குத் திரும்பினோம். வீட்டுக்குப் போகாமல் நேரே ஏரியின் கிழக்குக் கரைக்குப் போய்ப் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். மலையின் சரிவு அச்சாகப் பொருந்தியது. பெல்லிங் துரை இங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்க்கரைக்குப் பின்னால் தெரிந்த எங்கள் மாடிகளைப் பார்த்துவிட்டு, படத்தில் நம் தெரு எங்கே என்று அக்கா விரலை நகர்த்தினார். இப்போது கரை இருக்கும் இடத்தில் விரல் நிற்கவில்லை. அங்கே தண்ணீர். இன்னும் நகர்த்தினார், தண்ணீர். எங்கள் இரண்டு வீடுகளும் வர வேண்டிய இடத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

“அப்போ ஒவ்வொரு நவம்பர் மழைக்கும் நம்ம ஹாலுக்குள்ள வர்ற தண்ணி…” என்றவர் கொக்கின் மேலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

பிறகு படத்தைத் துணியில் சுற்றி என்னிடமே நீட்டினார். “மழைக்கால ஆறு மாசம் நீயே வச்சுக்கோ.”