தம்பிக்குள் சண்டை போட்ட என் ரத்தம்

2012-ல் நடந்தது இது. எங்கள் வீடு இராஜாக்கமங்கலம் பக்கம், கடலோரத்தில். என் ஒரே தம்பி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்துக்கு அடங்காததால், திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். தேறி வந்தான். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது.

"இனி மருந்து மட்டும் போதாது. அக்காவோட வெள்ளை அணுக்களைத் தனியா எடுத்து ஏத்திப் பார்க்கலாம். அதுங்க நோயோட சண்டை போடணும்" என்றார் டாக்டர்.

என் ஒரு கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் பிரித்து, மிச்சத்தை மறு கையில் திருப்பி ஏற்றினார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு சின்னப் பைதான். அதைத் தம்பிக்கு ஏற்றினார்கள்.

ஊருக்கு வந்து சில வாரம் ஒன்றுமில்லை. ஒரு நாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். அவன் கிண்ணத்தை வாங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். வெந்நீர் கொட்டியதுபோலச் சிவந்து, தோல் உரிந்திருந்தது. மார்பு, முதுகு, காது மடல் எல்லாம் அப்படியே.

கார் பிடித்து ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது உங்க செல்லோட வேலைம்மா. அதுக்கு உங்க தம்பி உடம்பு அந்நியமாத் தெரியுது."

பிழைக்கட்டும் என்று கொடுத்தது அவனையே தின்கிறதா? கட்டில் பக்கம் போகவே பயந்தேன்.

"மக்கா, நானே உன்ன கொன்னுருவேனோ?" என்று கேட்டுவிட்டேன்.

"அழாத அக்கா. சின்னதில நீ அடிச்ச அடிக்கு இது கொஞ்சந்தான்" என்றான், வெடித்த உதட்டோடு.

டாக்டர் முகத்தில் மட்டும் லேசாக ஒரு தெம்பு தெரிந்தது. "தோலை விடாத செல் நோயையும் விடாதுன்னு நம்பலாம். ஆனா கை மீறாம அடக்கணும்."

மருந்து கொடுத்து அடக்குவதற்குள் வயிறும் கெட்டு, ஆள் பாதியாகிவிட்டான். மெல்ல மெல்லத் தோல் ஆறியது. பிறகு மஜ்ஜையைப் பரிசோதித்தபோது நோய் இல்லை. அவன் ரத்தத்தில் இப்போது ஓடுவது முழுக்க என் செல்தான் என்றார் டாக்டர். எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பம் நீ எனக்கு அக்காளா, அம்மையா?" என்று கேட்டான் தம்பி.

இப்போது கடலுக்குப் போகிறான். ஆனாலும் அவன் ஒரு தும்மல் போட்டால்கூட, என்னுடைய ஏதோ ஒன்று அவனுக்குள் விழித்திருக்கிறது என்று எனக்கு ஒரு நடுக்கமும், கூடவே ஒரு நிம்மதியும் வருகிறது.