குரலுக்குப் பின்னால்

மூக்கு நுனியால்தான் ஜெபசெல்வி போனை எடுப்பாள். இரண்டு கையிலும் செதிலும் குடலும் ஒட்டியிருக்கும். எழுந்து கை கழுவுவதற்குள் மணி நின்றுவிடும். அதனால் கூடைமேல் கிடக்கும் போனை நோக்கிக் குனிந்து, திரையில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. ஸ்பீக்கரில் 'அலோ' வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். பழவேற்காடு கடைத்தெருவில் மீனை வாங்கி அவளிடம் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும் சென்னைக்காரர்கள், அந்தம்மா ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பேசுகிறவரின் குரலுக்குப் பின்னால் வேறு என்ன சத்தம் வருகிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நெட் சென்டரில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவர்களின் பெண்டாட்டிகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் வழியாகப் பேசிய காலம். பேசுவதற்கு மூன்று சாஃப்ட்வேர்கள் இருந்தன. அவற்றின் இங்கிலீஷ் பேர் யார் வாயிலும் நுழையாததால் செல்வியே பேர் வைத்தாள். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்டது 'பானை'. பேசியதையே சற்றுப் பிந்தித் திருப்பிச் சொன்னது 'கிளி'. தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்து, முக்கியமான பேச்சு வரும்போது அறுந்து விழுந்தது 'மயக்கக்காரி'. யாருக்கு எது சரிப்படும் என்பதையும் அவளே சொல்வாள்.

"சண்ட போடணும்னா கிளில போடாதக்கா. நீ திட்டனது உனுக்கே திரும்பி வரும். பானைல போடு, அவருக்குப் பாதிதான் கேக்கும்."

நெட் சென்டர் மூடி வெகுகாலமாகிறது. ஆனாலும் தோணிரேவு கிராமத்தில் அவள் வீட்டு வாசலுக்குப் பெண்கள் போனோடு வருவது நிற்கவில்லை. இந்தியாவில் ஓடுகிற ஆப் எல்லாம் வளைகுடாவில் ஓடாது. இந்த மாதம் ஓடுவது அடுத்த மாதம் நின்றுபோகும். எது வந்தாலும் மகள் கிறிஸ்டினாவை இன்னொரு போனோடு ஏரிக்கரைக்கு அனுப்பி, காற்றில் நிற்கவைத்துப் பேசிப் பார்ப்பாள். இரைச்சல் இல்லாமல் கேட்டால் நல்லது என்றுதான் அவளும் அப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிடைத்த கான்ட்ராக்ட் வேலை நின்றுபோனதும் அவள் புருஷன் ஜெரோமும் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனான். முதலில் ஒரு பழைய ஆப்பில் பேசினான். அதில் இன்ஜின் உறுமும், காற்று அறையும், கூட இருப்பவன் தெலுங்கில் யாரையோ திட்டுவான். இத்தனைக்கும் நடுவில் ஜெரோம், சோறு வெந்ததா என்று கேட்பான். படகு எப்படி ஆடுகிறது என்றுகூடச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள் செல்வி.

போன கோடையில் அவன் புது ஆப்புக்கு மாறினான். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. மற்ற சத்தத்தை அதுவே வடிகட்டிவிடுகிறது என்று கிறிஸ்டினா விளக்கினாள். செல்விக்கு ஒப்பவில்லை. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பழசில் கூப்பிடச் சொன்னபோதெல்லாம் அது இங்கே இப்போது வேலை செய்வதில்லை என்றான் ஜெரோம். வீடியோ கேட்டால் சிக்னல் போதாது என்றான்.

ஒரு நாள் மீன் வெட்டி முடித்து, கடைத்தெருவில் உட்கார்ந்தபடியே அவளாகப் பழைய ஆப்பில் கூப்பிட்டாள். யார் என்று பார்க்காமல் எடுத்துவிட்டான். வலைக்கு நடுவில் இருப்பதாகவும் பிறகு பேசுவதாகவும் சொன்னான். அவள் கண்ணை மூடினாள். இன்ஜின் இல்லை. காற்று இல்லை. ஃபேன் ஒன்று கிரீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் வைத்த எதையோ தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்திலேயே ஒரு ஆள் முனகினான்.

"கிறிஸ்டினா நைனா, எங்க படுத்துனு கீற?"

அவள் போனை வைக்கவில்லை. கடைசியில் அவனே சொன்னான். "கை போச்சு செல்வி. வலை இழுக்கற வின்ச்சு ரோப்புல மாட்டிக்கிச்சு."

வலது கை. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அது கோடையிலேயே நடந்தது. சர்க்கரை இருப்பதால் புண் ஆறவில்லை. ஆறாமல் விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒற்றைக் கையோடு வந்து எந்த வலையை இழுப்பது என்று கேட்டான். அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்வதற்குள் மூன்று தடவை வாசலுக்குப் போய்த் திரும்பினாள்.

அதற்குப் பிறகு செல்வி சொல்லும் யோசனை மாறிவிட்டது. போனோடு வருகிறவர்களிடம் பழசையே போட்டுக்கொள்ளச் சொன்னாள். இரைச்சல் கேட்டால் காது வலிக்கும், ஆனால் ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியும் என்றாள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் மனோரமாவின் புருஷன் நீலமேகமும் அதே நாட்டில்தான் இருக்கிறான். மனோரமாவும் பழைய ஆப்பைப் போட்டுக்கொண்டு போனாள். சில நாளில் திரும்பி வந்து, அதை எடுத்துவிடச் சொன்னாள்.

"அவரு கொரலு மட்டும் கேட்டாப் போதும் செல்விக்கா. பின்னாடி இருக்கறது எனுக்கு வேணாம்."

செல்வி எடுத்துக் கொடுத்தாள். மனோரமா பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மற்றவர்களும் மெல்லமெல்லக் குறைந்துபோனார்கள். இப்போது வாசலில் போனோடு யாரும் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் யார் வந்தார்கள் என்று கேட்கும் கிறிஸ்டினாவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஜெரோம் இன்னும் அங்கேதான் இருக்கிறான். மத்தியானம் செல்வி வீட்டுக்கு வந்ததும் பழைய ஆப்பில் கூப்பிடுவாள். புண்ணுக்குக் கட்டு மாற்றினார்களா, என்ன சாப்பிட்டான் என்று கேட்டு முடித்தால் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டு பேரும் வைப்பதில்லை. போன் அம்மிமேல் கிடக்கும். அவள் அரிசி களைவாள், துணி மடிப்பாள். மாத்திரை வேலை செய்ததும் அந்தப் பக்கம் மூச்சு சீராகும்.

நேற்று அவன் அப்படித் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் கூடையில் மீன் விற்கும் பொன்னுரங்கம் வாசலில் வந்து, மறுநாள் கடைத்தெருவுக்கு நண்டு வருமா என்று உரக்கக் கேட்டார். செல்வி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.