வழக்கை வாபஸ் வாங்காமலே மகளைக் கட்டிக்கொடுத்தேன்

அம்பாள் அடியார்களுக்கு வணக்கம். நீர்வேலியில் இருந்து எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் என் மகளின் கல்யாணம் குழம்பிப்போகும் நிலை வந்தது. வாழ்க்கையே வெறுத்துப்போனது.

கணவர் எங்களை விட்டுப் போனபோது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. மாதாமாதம் பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பணம் கட்டும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. சில மாதம் கட்டினார். பிறகு ஆளே மறைந்துவிட்டார். பிடியாணை போன இடமெல்லாம் அவர் இல்லை. நான் வாழைத் தோட்டங்களில் கூலிக்கு நின்று இருவரையும் படிப்பித்தேன். மகள் ஆசிரியையானாள். மகனும் வேலைக்குப் போகத் தொடங்கினான்.

அதன் பிறகுதான் அவர் வவுனியாவில் கடை வைத்திருப்பது தெரிந்தது. கட்டாமல் விட்ட நிலுவைக்காக மறுபடி வழக்குக்குப் போனேன். நீதிமன்ற வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளையள் வளந்திட்டினம், இனி என்ன தாபரிப்பு?" என்றார். வளர்ந்துவிட்டார்களாம்! தானாகவா வளர்ந்தார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கு நடக்கும்போதே மகளுக்குக் கோப்பாயில் நல்ல இடம் சரிவந்தது. நாளும் வைத்தாயிற்று. அப்போது கணவரின் தமையன் வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, தகப்பன் இருந்துதான் தாரை வார்க்கவேணும் எண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடியாய் நிக்கினம். நீர் வழக்கை வாபஸ் வாங்கினால் தம்பி வந்து மணவறையிலை இருப்பான். இல்லையெண்டால் வரான்" என்றார்.

இது பேரம் இல்லாமல் வேறென்ன? பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு வரவும் விலை பேசுகிறார்கள்! ஆனால் அக்கம்பக்கம் எல்லாம் கணவர் பக்கம்தான். "காசா பெரிசு, பிள்ளையின்ரை வாழ்க்கையா பெரிசு?" என்று என் சொந்த அண்ணாவே கேட்டார். மகள் மட்டும், "எனக்காக வாபஸ் வாங்காதேங்கோ அம்மா" என்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் என் மனம் உடைந்தது. திங்கட்கிழமை போய் வழக்கை வாபஸ் வாங்கக் கையெழுத்து வைப்பதாக ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அழவில்லை. அம்பாளோடு சண்டை பிடித்தேன். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்காதவர் தகப்பன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்க, நான் ஒதுங்கி நின்று பார்க்கவேண்டுமா? இதுதான் உன் நீதியா தாயே? வழி காட்டு, இல்லையென்றால் இனி உன் வாசலுக்கு வரமாட்டேன்" என்றேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் தாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கல்யாணத்தைக் குழப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் உட்காரும் முன்பே, "வழக்கை வாபஸ் வாங்கிறன், தகப்பன் வருவார். கலியாணத்தைக் குழப்பிப்போடாதேங்கோ" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "ஆர் சொன்னது மச்சாள்? நாங்கள் அப்பிடிக் கேக்கவே இல்லை. அவரின்ரை தமையன்தான் எங்கடை வீட்டை வந்து, தகப்பன் இல்லாமல் செய்வியளோ எண்டு கேட்டவர். வளத்த தாய் இருக்கிறா, அதுவே காணும் எண்டு சொல்லி அனுப்பினனாங்கள். நான் கூறைச்சேலைக்குச் சட்டை அளவு எடுக்கவெல்லோ வந்தனான்" என்றார்.

எல்லாம் பொய்! அந்தத் தாய் அன்று வராமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை நான் ஏமாந்திருப்பேன். அவரை அனுப்பியது அம்பாள்தான். யார் என்ன சொன்னாலும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அவர் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அண்ணா வெட்கப்பட்டுக்கொண்டே மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். நீர் வார்த்தது நான். வழக்கின் அடுத்த தவணை நாளில் நிலுவை முழுவதையும் பகுதி பகுதியாகக் கட்டும்படி நீதவான் உத்தரவிட்டார். வெளியே வந்ததும் கணவர், "தகப்பனுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் பிள்ளையைக் கட்டிக் குடுத்திட்டாய்" என்றார். "பிள்ளைக்குப் பசிச்ச நேரம் நீங்கள் வந்திருக்கவேணும்" என்றேன். முன்பெல்லாம் அவர் முன் எனக்கு வாயே வராது.

தாய்மாரே, மானம் மரியாதை என்று சொல்லி உங்களிடமும் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்பட்டு வைக்காதீர்கள். முதலில் அம்பாளிடம் போங்கள். கோபம் அடங்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம், கோபத்தோடேயே போங்கள். அவள் கையில் சூலம் வைத்திருப்பது அழகுக்கு அல்ல.