பஸ்ஸை மறித்த திட்டு

என் மகள் கைபேசியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். நேற்று காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, "ரெப்ரெந்தேர்னா திட்டுறதாம்மா" என்றாள். எந்தச் சொல்லையும் மூலம் பார்க்காமல் விடாத வியாதி எனக்கு. பார்த்தேன். போர்த்துகீசியத்திலும் ஏறக்குறைய அதே சொல், ஆங்கிலத்தில் ரெப்ரிஹெண்ட். மூன்றும் லத்தீனிலிருந்து வந்தவை. அங்கே அதற்குப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது என்று பொருளாம். அதைப் படித்ததும் மனம் எங்கள் ஊர் கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டது. இட்லி கொஞ்சம் கூடுதலாகவே வெந்தது.

என் அம்மா யாரையும் நேரே திட்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் என்றால் மாட்டைத் திட்டுவார்கள்; மாமியார் மேல் என்றால் பாத்திரத்தை. மாடும் பாத்திரமும் இல்லாத இடத்தில் நான்.

அன்று எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. காரைக்கால் போகிற தனியார் பஸ், பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் நிற்காமல் போகும். அன்றும் போனது. ஆனால் சற்றுத் தள்ளி, மூட்டையோடு ஒருவரை இறக்கிவிட நின்றது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். டிரைவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தொடங்கினாள்.

"ஏண்டி, உனக்கெல்லாம் எதுக்குடி பரீட்சை? பஸ்ஸு ஓட்டுற பெரிய மனுஷங்க வூட்டுப் புள்ளைங்க எழுதட்டும். நீ வா, களை பறிக்கலாம். வழிய வுடுடி, அவங்களுக்கு நேரமாவுது, பாவம்!"

உள்ளேயிருந்து ஒரு குரல் சிரித்தது. "யோவ், அந்தம்மா உன்னத்தான்யா சொல்லுது!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏங்க்கா காலங்காத்தால புள்ளையத் திட்டுறீங்க? ஏறச் சொல்லுங்க."

"நான் பெத்த புள்ள, நான் திட்டுறேன்" என்றபடி அம்மா என்னைப் படியில் ஏற்றிவிட்டாள்.

மணியடிக்கும் முன்பே பரீட்சை அறையில் இருந்தேன். அதன்பின் எங்கள் நிறுத்தத்தில் அந்த பஸ் நிற்காமல் போனதில்லை. இன்று கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். இவ்வளவு நல்ல திட்டு வாங்கியவர்கள் ஊரில் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அப்படித் திட்ட இப்போது ஆளில்லை. பஸ் நிற்காவிட்டால் அதன் எண்ணைப் படமெடுத்துப் புகார் அனுப்பிவிடுகிறோம், நானும் அனுப்பியிருக்கிறேன். நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதிலும் வருகிறது. ஆனால் தவறு செய்தவர் தானே இரங்கியதுபோல ஒரு வார்த்தை சொல்லி, மானத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போக அதில் வழியில்லை.