வெல்டிங் இல்லாத படகு

ஞாயிறு காலை, சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரையில் வாடகைப் படகுக்காக வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது மிச்சமிருப்பது இருவர் துடுப்புப் போடும் மஞ்சள் கயாக் ஒன்றுதான். எனக்குப் பின்னால் தனியாக நிற்பவர் மன்னார்குடிக்காரர் செல்வம், இங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். இருவரும் ஜோடி சேர்ந்துவிடுகிறோம்.

ஏறச் சொன்னால் அவர் ஏறவில்லை. குனிந்து படகின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறார், விளிம்பைத் தடவுகிறார்.

"ஜாயின்ட்டே காணோமே. வெல்டிங் எங்க இருக்கும்மா?"

படகுகளைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பெண் சிரிக்கிறார். "அண்ணே, இது பிளாஸ்டிக் லா. ஒரே பீஸ். பயப்படாம ஏறுங்க."

"பயமெல்லாம் இல்லம்மா" என்றபடி மிதவைச் சட்டையின் வாரை மூன்றாவது முறையாக இறுக்குகிறார்.

இருவரும் ஒரே பக்கமாகத் துடுப்பைப் போட்டு, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறோம். பிறகு எப்படியோ படகு நேராகிறது. பாலத்தடி நிழலில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"ஆறு வருசமா கப்பலுக்கு அடியில நின்னுதான் சார் வேலை. அது தண்ணியில எறங்குறதுக்குள்ள எங்களை அடுத்த கப்பலுக்கு அனுப்பிடுவாங்க. மெதக்குறதுல இன்னைக்குத்தான் உட்கார்றேன்."

கரையேறியதும் ஈர விரலால் படகின் மேல் பெரிதாக ஒரு டிக் போடுகிறார், பட்டறையில் மேலதிகாரி சாக்பீஸால் போடுவதுபோல. அடுத்து ஏற வந்த சீனத் தம்பதி தயங்கி நிற்கிறார்கள்.

செல்வம் கட்டைவிரலை உயர்த்துகிறார். "ஓகே லா! ஐ செக் ஆல்ரெடி!"