டாக்காவுக்குப் போன பாலம்

மலைக்கிராமங்கள் சில சேர்ந்த திண்ணனூர் நாட்டில் பட்டாளத்துக்காரர் ஊடு எது என்று கேட்டால் மாதேஸ்வரன் வீட்டைக் காட்டுவார்கள். எழுபத்தொன்றில் வங்கதேசப் போருக்குப் போனவர். ஆறுகளுக்குப் பாலம் போடும் படையில் வேலை. பின்வாங்கிய எதிரி பாலங்களைத் தகர்த்துவிட்டுப் போக, இவர்கள் விழுந்தடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். அப்படி ஒரு பாலத்தை முடித்துவிட்டுக் கரையேறும்போது கண்ணிவெடி அவருடைய இடது காலைக் கொண்டுபோனது. டாக்கா விடுதலையான சேதி கல்கத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வார்டே கூத்தாடியது. அவர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பினார். கட்டைக்காலோடு சரிவில் மிளகு வைத்தார், ராமாயியைக் கட்டினார், இரண்டு பெண்களைக் கரையேற்றினார். ஆனால் டிசம்பர் பதினாறு வெற்றி விழாவுக்கு யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். “ஊரை மீட்டவங்க வேற. நான் பாதி வழியில உழுந்தவன்” என்பார்.

போன வருசம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை சங்கீதா நேரில் வந்தார். “ஐயா, நீங்கதான் கொடியேத்தோணுங்க.”

பழைய பதிலைச் சொல்ல அவர் வாயெடுத்தார். அடுப்படியிலிருந்த ராமாயி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, நீங்க போட்ட பாலத்துல பட்டாளம் போச்சா இல்லீங்களா?”

“போச்சு. ஸ்ட்ரெச்சர்ல கெடந்தேன். லாரிக ஏறிப்போற சத்தம் கேட்டுச்சு.”

“எந்த ஊருக்குப் போச்சு?”

மாதேஸ்வரன் கட்டைக்காலைத் தடவினார். பிறகு, “டாக்காவுக்கு” என்றார்.

“அப்பறமென்னங்க! டீச்சரம்மா, இவரு வருவாருங்க.”

விழாவன்று ராமாயி மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். கைகொடுக்க வந்தவர்களை விலக்கிவிட்டுத் தானே மேடையேறினார். கொடியை ஏற்றி, விறைப்பாக சல்யூட் அடித்தார். மைக்கைப் பிடித்தார்.

“நான் டாக்காவப் பாத்ததில்லீங்க. என்னோட பாலம் போட்ட மாணிக்கமும் பாக்கல. அவன் அந்தக் கரையிலேயே செத்துட்டான். ஆனா, டாக்காவுக்குப் போனவங்க எங்க பாலத்து மேலதான் போனாங்க.”

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பிள்ளைகளின் கைதட்டல் ஓய நேரமாயிற்று. முன்வரிசையில் ராமாயி, பக்கத்திலிருந்தவளிடம், “எங்கூட்டுக்காரருங்க” என்றாள், அவளுக்குத் தெரியாதது போல.

மறுநாள் மாதேஸ்வரன் ரேசன் கடைக்குக் கிளம்பினார். சட்டையில் மெடல்கள் தொங்கின. ராமாயி பார்த்தாள், கழற்றச் சொல்லவில்லை.