தோற்காமல் வெளியேறியவர்கள்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியபோது நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு முறை வகுத்துக் கொடுத்தவன் நான். கேட்டவன் லூர்து. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன்; இப்போது கடலில் சங்கு குளிக்கிறான். போன வருடம் சங்கெடுக்க முங்கிய அவன் தம்பி செல்வம் உயிரோடு மேலே வரவில்லை. கோப்பைக்கு அந்தத் தம்பியின் பெயர்.

"ஒரு தடவ தோத்தா வீட்டுக்குப் போன்னு சொல்லுத நாக்அவுட் வேண்டாம்ல. உலகக் கோப்பையில எப்படி வைக்கானோ அப்படிச் சொல்லு" என்றான். பள்ளியில் விளையாட்டு ஆசிரியரான நான் ஃபோனிலேயே சொல்லிவிட்டேன்: பிரிவுக்கு நான்கு அணிகள், ஆளுக்கு மூன்று ஆட்டம், முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்கு. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்.

பகல் பன்னிரண்டரைக்குத் தூத்துக்குடி. அங்கிருந்து ஆட்டோவில் பதினெட்டு கிலோமீட்டர், நானூறு ரூபாய். உப்பளத்து வெள்ளையில் கண் கூசியது.

"இன்னைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாங்க அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமல்லா. பூராப் பேரும் கிரவுண்டுலதான் கெடப்பாங்க" என்றார் ஓட்டுநர்.

நான் சும்மா இருக்காமல் பாடம் எடுத்தேன். கிரிக்கெட் லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்கு ஒரு தோல்விக்குப் பின்னும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தில் ஏழு ஆட்டத் தொடர். கால்பந்தில் அந்தச் சலுகை பிரிவுச் சுற்றோடு சரி.

"அப்போ நம்ம ஊர்ல வச்சிருக்கது நியாயமானதுதான்னு சொல்லுதியளா?"

"சந்தேகமே இல்லை" என்றேன்.

மூன்று மணிக்கு லூர்து அணியின் கடைசி பிரிவு ஆட்டம். ஆறரைக்குத் தம்பிக்காக மாதா கோயிலில் பூசை இருந்ததால் முதல் ஆட்டத்தை அவனே கேட்டு வாங்கியிருந்தான். முந்தைய இரண்டும் டிரா. இன்று ஒன்றுக்குப் பூஜ்யம் என வெற்றி. கோல்கீப்பரான லூர்து கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடிப்போய், "செமிஃபைனல் வந்துட்டும்மா!" என்று தாயைக் கட்டிக்கொண்டான்.

நான் பஸ் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். அடுத்து ஆடும் இரண்டு அணிகளும் லூர்து அணியோடு டிரா செய்து, நாலாவது அணியை இரண்டு மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றவை. அவர்களில் யார் ஜெயித்தாலும் லூர்து உள்ளே. டிரா ஆனால் மூவருக்கும் ஒரே புள்ளி. ஒரே ஒரு கோல் வித்தியாசம் வைத்திருக்கும் லூர்து வெளியே.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. அவர்களும் கணக்குப் போட்டிருந்தார்கள். பத்து நிமிடம் ஓடினார்கள். பிறகு ஓரத்திலிருந்து யாரோ, "டிரா போதும்ல!" என்று கத்த, பந்து பின்னாலேயே உருண்டுகொண்டிருந்தது. ஒருவரும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. கூட்டம் ஊளையிட்டது. ஒரு பெண் மண்ணை வாரி இறைத்தாள். கடைசிவரை கோலே இல்லை.

லூர்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒரு மேட்ச் கூட தோக்கலியேல. உலகக் கோப்பையிலயும் இப்படித்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லல. அங்க ஒரு பிரிவோட கடைசி ரெண்டு மேட்சும் ஒரே நேரத்துல, ரெண்டு மைதானத்துல நடக்கும். அங்க என்ன ஆச்சுன்னு இங்க தெரியாம ஆடணும்னுதான். உங்கிட்ட அதச் சொல்ல மறந்துட்டேன்."

அவன் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பள்ளிக்கூட மைதானம் காலியாகக் கிடந்தது. இரண்டு ஆடுகள் கோல் கம்பத்தருகே படுத்திருந்தன.

"அங்கன வச்சிருக்கலாமேல" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. நான் பையை எடுத்தபோது, முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போயிருந்த அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "செமிஃபைனல் என்னைக்குய்யா? நீங்களும் வருவியள்லா? கப்பு வாங்கி செல்வம் படத்துக்கிட்ட வைக்கணும்."

லூர்து குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"நாம தோக்கவே இல்லியேய்யா" என்றார் அவர்.